கொன்ஸ்ரன்ரைன் எடுத்த வாடகை ஜீப்

இத்தாலியின் பலெர்மோவில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவில் இருந்தவன் கொன்ஸ்ரன்ரைன். மன்னார் பேசாலை ஆள். கட்டையான உடம்பு, கழுத்து இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும், சிரித்தால் கண்ணும் காணாமல் போய்விடும். பணக்காரர் குடியிருக்கும் கட்டடங்களில் மாடிப்படி கழுவுவதும் கண்ணாடி துடைப்பதும்தான் அவனுக்கு வேலை. ஆனால் புதிதாக யாராவது “தம்பி என்ன செய்யிறீர்?” என்று கேட்டால், கையில் வாளி இருக்கும்போதே, “நான் றைவர்” என்பான்.

“வாகனம் எங்கை?” என்று ஒருநாள் நான் கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

“வாகனம் எப்பவும் வாங்கலாம் அக்கா. றைவரை வாங்கேலுமோ?” என்றான். இப்படிப்பட்டவனோடு என்ன கதைப்பது?

அவன் சொன்னது பொய்யும் இல்லை. ஊரில் அவன் கருவாட்டு லொறி ஓட்டியவன். பேசாலையில் ஏற்றி வவுனியா, அநுராதபுரம் என்று மழை வெள்ளத்திலும் கொண்டுபோய் இறக்கியவன். அவனுடைய பெண்சாதி ஸ்ரெல்லா அவனை முதலில் கண்டதே லொறியின் ஸ்ரேறிங்கில்தான். எண்பத்தாறில் கல்யாணம். அடுத்த வருடம் லொறி எரிந்தது, இளம் ஆண்கள் ஊரில் தலைகாட்ட முடியாத காலமும் வந்தது. “நான் போய் உம்மைக் கூப்பிடுறன்” என்று சொல்லிவிட்டு இத்தாலிக்குப் புறப்பட்டான். கூப்பிட ஒன்பது வருடம் ஆயிற்று.

அதில் அவனுடைய பிழை எவ்வளவு, யுத்தத்தின் பிழை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைக்கவே சில வருடம். அது கிடைத்தபோது அங்கே பாதை இல்லை. பாதை திறந்தபோது அவள் மடு அகதி முகாமில் இருந்தாள், அவன் போட்ட கடிதம் வேறெங்கோ போனது. கடைசியில் தொண்ணூற்றாறில் அவள் வந்து இறங்கினாள். விமான நிலையத்துக்கு நாங்களும் போயிருந்தோம். பூச்செண்டோடு நின்றவனை அவள் கிட்ட வந்து பார்த்து, “சுகமா இருக்கிறீங்களோ?” என்று கேட்டாள். சந்தையில் கண்ட ஊர்க்காரரைக் கேட்பது போல. அவன் “ஓம், நீர்?” என்றான்.

இந்த ஊரில் எங்களவர்களின் சீவியம் எப்படியென்று சொன்னால்தான் மற்றது விளங்கும். ஸ்ரெல்லாவுக்கு ஒரு கிழட்டு சிஞ்ஞோராவின், அதாவது பணக்கார இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில், வீட்டோடு தங்கிப் பார்க்கும் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் லீவு. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் ஒரே ஊரில் இருந்தும் வியாழனுக்கு வியாழன்தான் சந்திப்பு. அதுவும் எங்கே? எங்கள் எதிர்க்கதவு அறையில். அந்த அறையில் அவனோடு தவராசாவும் ஜெயரட்ணமும் பங்குக்கு இருந்தார்கள். வியாழக்கிழமை ஸ்ரெல்லா படியேறும் சத்தம் கேட்டால் அந்த இரண்டு பேரும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, “நாங்கள் உப்பிடி ஒருக்கா ஹாபருக்குப் போட்டு வாறம்” என்று கிளம்புவார்கள். மழை கொட்டினாலும் போவார்கள். நல்ல மனிதர்கள்தான், மரியாதைக்குத்தான் போனார்கள். ஆனால் அவர்கள் ஹாபரில், துறைமுகத்து வாங்குப் பலகையில் குந்தியிருப்பதைக் கண்டால், போர்கோ வெக்கியோவில் மீன் விற்கிறவன் வரைக்கும் இன்று ஸ்ரெல்லா வந்திருக்கிறாள் என்று விளங்கிவிடும். அவள் வெட்கத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அறையின் நடுவில் கதிரையில் இருப்பாள். அவன் கட்டில் விளிம்பில் இருப்பான். பிறகு தேநீர். பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டி, “ஞானக்கா, என்ன கறி?” என்று வந்துவிடுவாள்.

ஒரு வருடம் இப்படியே போனது. சண்டை இல்லை, கோபம் இல்லை. “சாப்பிட்டீங்களோ?” “ஓம்.” “குளிருதோ?” “இல்லை.” சண்டை பிடித்திருந்தால் நான் சந்தோசப்பட்டிருப்பேன்.

தொண்ணூற்றேழு ஆடியில் அவளுடைய தமையன் ரொறன்ரோவில் இருந்து ரெலிபோன் எடுத்தார். ஏஜென்சிக்காரனைப் பிடித்துவிட்டேன், செப்டெம்பரில் பயணம், ஓம் என்றால் ஓம் என்று ஆவணி முடியமுன் சொல்லு என்றார். ஸ்ரெல்லா இதைக் கொன்ஸ்ரன்ரைனுக்கு ஒரு வியாழக்கிழமை சொன்னாள். “நான் போய் உங்களைக் கூப்பிடுறன்” என்றாள். அந்த வசனத்தைத் தான் எங்கே சொன்னோம் என்று அவனுக்குத் தெரியும். அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அதற்கு வேறு வசனம் கிடையாது, அவ்வளவுதான். தேவாலயத்தில் கட்டிய கல்யாணத்தை ஒருவரும் வெட்டி எறியவில்லை. ஒரு கடல் இருந்த இடத்தில் இனி ஒரு சமுத்திரம் இருக்கும். அவளும் அவனும் அதை விளங்கிக்கொண்டார்கள். நானும்தான்.

அடுத்த கிழமை அவன் என் வாசலில் வந்து நின்றான்.

“அக்கா, ஆவணி பதினைஞ்சு, மாதா திருநாள் லீவுக்கு அவவின்ரை சிஞ்ஞோராவை அந்தக் கிழவியின்ரை பிள்ளையள் கடற்கரைக்குக் கொண்டு போகினம். அவவுக்கு நாலு நாள் லீவு. நான் ஒரு ஜீப் வாடகைக்கு எடுக்கிறன்.”

“ஜீப்போ? எங்கை போக?”

“உள்ளுக்கு. மலைக்கு அங்காலை. தார் றோட்டு இல்லாத இடமாப் பாத்து.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பெண்சாதி கனடாவுக்குப் போகிறாள், இவன் காட்டுக்குப் போக ஜீப் பிடிக்கிறான். “மொண்டெல்லோக் கடற்கரைக்கு பஸ் போகுது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் கடலைக் காட்டு, ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் குடு. உனக்கென்ன விசரே?”

“கடலை அவ பிறந்ததிலையிருந்து பாத்தவ அக்கா. பஸ்ஸிலை போனா நானும் அவவும் பக்கத்துச் சீற்றிலை இருக்கிற ரெண்டு பயணியள். அவ கட்டினது ஒரு றைவரை. இஞ்சை வந்து பாத்தது வாளியோடை நிக்கிற ஒருத்தனை. ஒருக்கா, ஒரே ஒருக்கா, அவ என்னைப் பாக்கவேணும். பாத்திட்டுப் போறதெண்டால் போகட்டும்.”

ஐந்து போத்தல் தண்ணீரும் ஒரு பேணி சம்பலும் கட்டிக் கொடுத்தேன்.

அந்தப் பயணத்தை நான் கண்ணால் காணவில்லை. அவன் படியில் நின்று சொன்னது பாதி, அவள் என் குசினியில் இருந்து சொன்னது பாதி. இரண்டும் பொருந்திய இடங்களை நம்பினேன். பொருந்தாத இடங்களில் ஸ்ரெல்லாவை நம்பினேன்.

துறைமுகப் பக்கத்தில் வாடகைக்கு வண்டி விடும் ஒருவன், இவனுடைய லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, கடைசியில் சாவியைக் கொடுத்தான். சாரதி கிடையாது, வண்டி மட்டும். பச்சை நிறம், துணிக் கூரை, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற சின்ன ஜீப். அதில் ஏறியதும் கொன்ஸ்ரன்ரைன் ஸ்ரேறிங்கைத் தொட்டுச் சிலுவை அடையாளம் இட்டான். ஸ்ரெல்லாவும் இட்டாள். அதுவரைக்கும் பொருத்தம்.

பலெர்மோவை விட்டுத் தெற்கே ஏறி, லெர்க்காரா என்ற ஊரைத் தாண்டிப் போனால், கடலும் இல்லை, எலுமிச்சைத் தோட்டமும் இல்லை. ஆவணியில் கோதுமை வெட்டி முடிந்த குன்றுகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மஞ்சளாய்க் கிடக்கும். வெட்டிய கோதுமைத் தாள் எரித்த இடங்கள் கறுப்பாய்க் கிடக்கும். எவ்வளவு தூரம் போனாலும் ஒரு வீடு இருக்காது, இருந்தாலும் கூரை இருக்காது. ஒரு காலத்தில் ஆட்டு மந்தைகளை ஓட்டிப் போவதற்கென்று விட்ட அகலமான மண்பாதைகள் அங்கே உண்டு. த்ரட்ஸேரா என்பார்கள். தாரும் இல்லை, ஊர்ப் பெயர்ப் பலகையும் இல்லை. கொன்ஸ்ரன்ரைன் தேடியது அதைத்தான். தார் றோட்டை விட்டு மண்ணில் இறங்கினதும் அவனுடைய கை தானாகவே ஊரில் ஓட்டியது போல இடப்பக்கம் போய்விட்டது. எதிரே ட்ராக்டரில் வந்த ஒரு கமக்காரன் இரண்டு கையையும் தூக்கித் திட்டிவிட்டுப் போனான். ஸ்ரெல்லா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

“இது பெரிய கியர், இது சின்னக் கியர். இதை இப்பிடிப் போட்டா முன் சில்லும் இழுக்கும்,” என்று அவன் காட்டினான்.

“ஓம்,” என்றாள்.

“இந்த ஏத்தத்தைப் பாரும். கார் ஏறாது.”

“ஓம். நல்லா இருக்கு.”

ஏறாத ஏற்றமெல்லாம் ஏறினான். வற்றின ஆறுகளைக் கடந்தான். செம்மறிக் கூட்டத்தின் நடுவில் ஒரு ஆட்டின் வாலிலும் முட்டாமல் ஊர்ந்து போனான். அன்று முழுக்க அவன் தன் உயிரைக் கொடுத்து ஓட்டினான் என்பதை நான் நம்புகிறேன். அவள் “ஓம்” என்றாள், “கவனம்” என்றாள், தண்ணீர்ப் போத்தலை மூடி கழற்றிக் கொடுத்தாள். இரவு ஒரு சின்ன ஊரில் அறை எடுத்தார்கள். அறையில் இரண்டு தனிக் கட்டில்கள் இருந்தன. வீட்டுக்காரி சேர்த்துப் போடட்டுமா என்று கேட்டபோது ஸ்ரெல்லா “பரவாயில்லை” என்றுவிட்டாள். அவன் விளக்கை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தானாம். இதை அவன் எனக்குச் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

அடுத்த நாள் மத்தியானம், ஒரு குன்றின் சரிவில் போய்க்கொண்டிருந்தார்கள். இடது கைப்பக்கம் கீழே வற்றிய ஓடை, ஓடையோரம் அரசாங்கம் நட்ட யூக்கலிப்டஸ் தோப்பு. தூரத்து மலையில் காடு எரிந்து புகை எழும்பியது. ஆவணியில் அந்தப் பக்கம் இது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். தீயணைக்கிற ஹெலிகள் அடியில் பெரிய வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்காவது நீர்த்தேக்கத்தில் அள்ளிக் கொண்டுபோய் ஊற்றும். கொன்ஸ்ரன்ரைன் இதை எத்தனையோ முறை ரிவியில் பார்த்தவன். குன்றுக்குப் பின்னால் சத்தம் கேட்டதும், ஸ்ரெல்லாவுக்குக் காட்ட ஒரு புதினம் கிடைத்ததே என்று சந்தோசப்பட்டு, ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினான்.

“ஹெலி!” என்று ஸ்ரெல்லா கத்தினாள்.

கத்தியதோடு நிற்கவில்லை. கைப்பையை எறிந்துவிட்டு ஸ்ரேறிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பலம் முழுக்கத் தோப்புப் பக்கம் ஒடித்தாள். ஜீப் பாதையை விட்டுச் சரிவில் இறங்கி, இரண்டு புதரை மோதிக்கொண்டு போய், முன் சில்லு இரண்டும் ஓடைக்குள் விழ நின்றது. அவன் தலையை நிமிர்த்துமுன் அவள் இறங்கிச் சுற்றி வந்துவிட்டாள். கதவைத் திறந்தாள். அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள். அவனுடைய உடம்பு லேசான உடம்பு இல்லை, சொன்னேன்தானே. அவனை மரத்தடிவரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், குப்புறத் தள்ளி, மேலே விழுந்து மூடிக்கொண்டாள்.

“அசையாதேங்கோ! அசையாதேங்கோ!”

கொன்ஸ்ரன்ரைனின் வாய் முழுக்க மண். “அது தீ அணைக்கிற…” என்று தொடங்கினான். அவள் அவனுடைய பிடரியில் கையை வைத்து இன்னும் அமத்தினாள். மேலே ஹெலிக்காரனுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. ஜீப் பாதையை விட்டு விழுந்ததையும் இரண்டு பேர் நிலத்தில் கிடப்பதையும் கண்டு, பாவம், காயப்பட்டார்களோ என்று பார்க்கக் கீழே இறங்கி அதே இடத்தில் நின்று சுற்றினான். யூக்கலிப்டஸ் இலையும் தூசியும் அவர்கள் மேலே கொட்டியது. அவள் செபம் சொல்லத் தொடங்கினாள். கொன்ஸ்ரன்ரைன் அதற்குப் பிறகு ஒன்றும் விளக்கப் பார்க்கவில்லை. அவளுடைய இருதயம் தன் முதுகில் இடிப்பது தெரிந்தது என்றான். அவளுடைய இரண்டு கையும் தன்னைப் பிடித்திருந்ததும் தெரிந்தது என்றான்.

கடைசியில் அவன் ஒரு கையை உருவி எடுத்து, பெருவிரலை மேலே தூக்கிக் காட்டினான். ஹெலி எழும்பி, வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு புகைப் பக்கம் போனது. மலையில் தண்ணீர் கொட்டுவதை ஸ்ரெல்லா தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்கு வந்தது.

வெட்கப்படுவாள், அழுவாள் என்று அவன் நினைத்தான். அவள் எழும்பி நின்று திட்டத் தொடங்கினாள்.

“கையைக் காட்டினீங்கள்! ஹெலிக்குக் கையைக் காட்டினீங்கள்! உங்களுக்கு மூளை இருக்கோ? அங்கை ஆமிக்காரங்கள் கையைக் கண்டாச் சுடுவாங்கள். ஓடாமல் நிண்டாச் சுடுவாங்கள். வாகனத்தைக் கண்டாச் சுடுவாங்கள். நீங்கள் பெரிய றைவர்! மரம் எங்கை எண்டு பாத்து ஓட்டத் தெரியாத றைவர்!”

“இது இத்தாலி, ஸ்ரெல்லா.”

“எனக்குத் தெரியும் இது இத்தாலி! எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்?” என்று இன்னும் கத்தினாள். அவனுடைய லொறியை, அவனுடைய கடிதங்களை, அவன் அனுப்பிய படங்களில் போட்டிருந்த கண்ணாடியை, ஒன்பது வருடத்தை, ஹாபர் வாங்கில் குந்தியிருக்கும் அந்த இரண்டு பேரை, எல்லாவற்றையும் இழுத்துத் திட்டினாள். ஒரு மனிதக் குஞ்சு இல்லாத வெளி அது, யாரும் கேட்கப் போவதில்லை. கொன்ஸ்ரன்ரைன் மண்ணைத் துப்பிக்கொண்டு இருந்து கேட்டான். ஒரு வருடத்தில் அவள் அவனைத் திட்டியது அதுதான் முதல் தடவை. இதை எனக்குச் சொன்னபோது அவனுடைய முகம் போன போக்கைப் பார்த்தால் யாரோ பரிசு கொடுத்தது போல இருந்தது.

திட்டி முடிந்த பிறகு ஜீப்பைப் பார்த்தார்கள். ஓடையில் மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. பின் கியர் போட்டான், முன் கியர் போட்டான், நாலு சில்லும் சேர்ந்து இழுத்து, நாலு சில்லும் சேர்ந்து புதைந்தது. பகல் முழுக்கக் கிண்டினார்கள். அவன் ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, ஜக் வைத்து வண்டியைத் தூக்கினான். அவள் கல்லும் கொப்பும் பொறுக்கி வந்து சில்லுக்குக் கீழே திணித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. பொழுதும் சாய்ந்தது. பாணையும் என் சம்பலையும் தின்றார்கள். தின்னும்போது அவன் கேட்டான், “முகாமிலை ஹெலி அடிக்கடி வருமோ?” என்று. பத்து வருடத்தில் அவன் அதைக் கேட்டதும் அதுதான் முதல் தடவை. அவனுக்குப் பயம். கேட்டால் என்ன சொல்லுவாளோ என்ற பயம். அவள் சொன்னாள். எந்த மரத்தடியில் எத்தனை பேர் கிடப்பார்கள், எந்தக் கிழவி பங்கருக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாள், சத்தத்தை வைத்தே எது சுடும் ஹெலி, எது சாமான் ஏற்றும் ஹெலி என்று பிள்ளைகள் எப்படிச் சொல்லுவார்கள் என்றெல்லாம் சொன்னாள். அவன் குறுக்கே பேசவில்லை. கொன்ஸ்ரன்ரைன் குறுக்கே பேசாமல் இருந்தான் என்பதை ஸ்ரெல்லா சொன்னபடியால்தான் நம்பினேன். ஜீப்பிலேயே சாய்ந்து கண்ணை மூடினார்கள்.

விடிந்ததும் அவன் சொன்னான்: “ஒருத்தர் தள்ளவேணும், ஒருத்தர் ஓட்டவேணும். உம்மாலை தள்ளேலாது.”

“என்னாலை ஓட்டவும் ஏலாது.”

“நேற்று நல்லாத்தானே ஸ்ரேறிங் பிடிச்சீர்,” என்றான். அவள் சிரித்துவிட்டாள்.

கிளச் இது, இதை மெல்ல விட வேண்டும், சில்லு பிடித்தால் நிற்பாட்டக் கூடாது, கட்டி நிலம் வரும்வரைக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான் பாடம். அவள் கிளச்சை மெல்ல விடவில்லை, பட்டென்று விட்டாள். ஜீப் ஒரு துள்ளுத் துள்ளியது. தள்ளிக்கொண்டிருந்தவன் களிக்குள் முகம் பதிய விழுந்தான். கொப்பில் சில்லு பிடித்தது. ஜீப் உறுமிக்கொண்டு ஓடையைக் கடந்து, எதிர்க்கரையில் ஏறி, கோதுமை வெட்டிய வெளிக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. நிற்பாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தானே தவிர, எப்படி நிற்பாட்டுவது என்று சொல்ல மறந்துவிட்டான். றைவராம் றைவர்.

அவன் பின்னால் ஓடினான். “பிறேக்! பிறேக்!” என்று கத்திக்கொண்டு அந்த வெளி முழுக்க ஓடினான். அவள் ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பி அவனுக்கு நேரே வந்தாள். அவன் பக்கத்தில் பாய்ந்து தப்பினான். இரண்டாம் வட்டத்தில் ஜீப் தானாகவே இருமி நின்றது. மூச்சு வாங்க ஓடிவந்து கதவைப் பிடித்தவனை அவள் பார்த்தாள். தலை முதல் கால் வரை களி, ஒரு சப்பாத்து இல்லை.

“இன்னுங் கொஞ்சம் ஓடட்டே?” என்று கேட்டாள்.

சட்டப்படி அது பிழை என்று எனக்கும் தெரியும். அந்த வெளியில் சட்டத்தைப் பார்க்க ஒரு காகமும் இல்லை. மத்தியானம் வரைக்கும் ஓட்டினாள். அவன் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

பலெர்மோவுக்குத் திரும்பியதும் வாடகைக்காரன் முன் பக்கத்து நெளிவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். கொன்ஸ்ரன்ரைன் அதைக் கூடக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படியில் என்னைக் கண்டதும், “அக்கா, அவ பாத்திட்டா. நான் ஓட்டினதை அவ பாத்திட்டா,” என்றான். ஆனால் ஸ்ரெல்லா ஒன்றும் சொல்லவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை, நிற்கிறேன் என்றும் சொல்லவில்லை. அவளுடைய பெட்டி அவனுடைய கட்டிலுக்குக் கீழே கட்டினபடியே இருந்தது. அவனும் கேட்கவில்லை. “நீர் விரும்பினா போம், நான் மறிக்க மாட்டன்” என்று மட்டும் சொன்னானாம். தமையனுக்குப் பதில் சொல்ல இருந்த அந்த இரண்டு கிழமையும் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பதைத்தது.

ஆவணி முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்ததும், தமையனுக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்தது. என்னிடம் ரெலிபோன் கார்ட் இருந்தது. பொலித்தேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் உள்ள ரெலிபோன் கூண்டுக்கு மூன்று பேரும் போனோம். வெக்கை தாங்காமல் ஸ்ரெல்லா கூண்டின் கதவைக் காலால் திறந்து பிடித்துக்கொண்டு நின்று கதைத்தாள். கொன்ஸ்ரன்ரைன் பத்திரிகைக் கடைக்குப் பக்கத்தில் நின்று கார்ப் படங்கள் பார்ப்பது போல நடித்தான்.

“அண்ணை, நான் வரேல்லை.”

தமையனின் குரல் வெளியே எனக்கே கேட்டது. ஏன், எதற்கு, யார் மறித்தது என்று.

“இல்லை, அவர் ஒண்டும் சொல்லேல்லை. போகச் சொன்னவர்… இல்லை அண்ணை, அவர் நல்ல மனுசன், அதுக்காகவும் இல்லை… நல்லா ஓட்டுவார், அதுக்காகவுமில்லை.”

பத்திரிகைக் கடைக்குப் பக்கத்தில் நின்றவன் தலை நிமிர்ந்தான். தமையன் திரும்பவும் ஏன் என்று கேட்டார். அவள் ரெலிபோன் வயரை விரலில் சுற்றினாள்.

“அண்ணை, முகாமிலை ஹெலி வரேக்கை எல்லாரும் ஆரையாவது இழுத்துக்கொண்டுதான் ஓடுவினம். பிள்ளையை இழுப்பினம், தாயை இழுப்பினம், புருசனை இழுப்பினம். நான் ஒவ்வொருக்காலும் வெறுங்கையோடை ஓடினனான். எனக்கு இழுக்க ஒருத்தரும் இருக்கேல்லை. இந்தமுறை இழுக்கிறதுக்கு ஒராள் இருந்தவர்.”

“இஞ்சை கனடாவிலை ஹெலி வராது, பிள்ளை,” என்று தமையன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“தெரியும் அண்ணை,” என்றாள். “ஹெலி வராட்டிலும் அங்கை நான் வெறுங்கையோடைதான் இருக்கவேணும். அதுதான் வரேல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன். கொன்ஸ்ரன்ரைன் கார்ப் புத்தகத்தைக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். அவன் தான் ஓட்டியதை அவள் பார்த்ததால்தான் அவளுக்கு மனம் இளகியது என்று அந்த இரண்டு கிழமையும் நினைத்துக்கொண்டு இருந்தவன்.

“அவ வெறுங்கையோடை ஓடேக்கை நான் இஞ்சை ஆரின்ரையோ வீட்டுப் படி கழுவிக்கொண்டு நிண்டிருக்கிறன் அக்கா,” என்றான். ஞாயிற்றுக்கிழமைச் சனம் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு போகிற நடு வீதியில் நின்று, வாயைத் திறந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது, ஏன் மறைப்பான்.

ஸ்ரெல்லா ரெலிபோனை வைத்துவிட்டு வெளியே வந்தாள். “றோட்டிலை நிண்டு அழாதேங்கோ, சனம் பாக்குது,” என்று அவனை அதட்டினாள். அதட்டிவிட்டு, பூசைக்கென்று போட்டிருந்த புதுச் சட்டையின் கையை இழுத்து, அந்தச் சனம் எல்லாம் பார்க்க, அவனுடைய முகத்தைத் துடைத்துவிட்டாள்.